நீரில் வீழ்ந்த இலையின் கணக்கு

மரஞ்செறிந்த ஓடைகளின் உயிர்வாழ்க்கை பெரும்பாலும் கரையிலிருந்து வீழும் சருகையே சார்ந்துள்ளது. அமெரிக்காவின் நியூ ஹாம்சயரிலுள்ள ஓர் ஓடைக்குக் கிட்டும் சத்தியில் 99 வீதத்துக்கு மேற்பட்டது வெளியிலிருந்தே வருகின்றதென 1973 இல் பிஷர், லைக்கன்ஸ் என்போர் கணித்தனர். அச்சருகு எவ்வேகத்தில் அழிகின்றது என்பதை அளக்க முயன்ற வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்பாம்.

சருகை அழிப்பது நீரின் ஓட்டம் மட்டுமன்று. இங்கிலாந்தின் லெஸ்டரிற் பணியாற்றிய இங்கோல்ட் என்பார், ஓடையில் உக்கும் இலைகளில் வாழும் பங்கசுகளை 1942 இல் விவரித்தார். பங்கசு பற்றிய இலையிற் புரதம் மிகுவதையும், நீர்ப்பிராணிகள் அதனையே விரும்பி உண்பதையும் கனடாவில் கௌசிக், ஹைன்ஸ் ஆகியோர் 1971 இல் எடுத்துக்காட்டினர்.

இதற்கிடையே, காட்டுத்தரைச் சருகை ஆராய்ந்த ஒல்சன் என்பார் 1963 இல் எளியதொரு கணித விதியை விளக்கினார். எஞ்சியுள்ள சருகில் ஒரே விகிதமான பங்கு இடையறாது குறைந்துகொண்டே வரும் என்பதே அது. கூட்டுவட்டியைத் தலைகீழாக்கியது போன்றதெனலாம். பீற்றர்சன், கம்மின்ஸ் என்போர் இவ்விதியை மிச்சிகனில் ஓர் ஓடைக்குப் பொருத்தி, 1974 இல் இலைகளை மூவகையாகப் பிரித்தனர். நாளொன்றுக்கு 1 வீதத்துக்கு மேற் குறைவன விரைவானவை, 0.5 வீதத்துக்குக் கீழ்ப்பட்டன மெதுவானவை, ஏனையவை இடைத்தரமானவை. 1 வீதமாயின், சருகு பாதியாக ஏறக்குறைய 69 நாட்கள் செல்லும்.

பல்வேறு ஓடைகளை ஒப்பிட ஓர் எண் கிடைத்தமை பெரும் பயனே. ஆயினும் அவ்வெண் தானே முழு உண்மையையும் உரைத்துவிடாது. ஐரோப்பாவின் 100 ஓடைகளில் நிகழ்ந்த ஆய்வின் முடிவுகள் 2012 இல் வெளிவந்தன. போசணைப் பொருள் குறைந்த தூய ஓடைகளிற் சருகு மெதுவாக அழிந்தது. ஓரளவு மிகுந்தவற்றில் விரைவாக அழிந்தது. மிகவும் மாசுற்றவற்றிலோ மீண்டும் மெதுவாயிற்று. முன்னையதிற் பங்கசு முதலிய நுண்ணுயிர்களுக்குப் போசணை போதவில்லை. பின்னையதில் இலையைத் துண்டாக்கும் சிறுபிராணிகள் அருகிவிட்டன.

எனவே எண் ஒன்றாயினும் அது குறிக்கும் நிலை இரண்டாகலாம்: ஒன்று தூய்மை, மற்றையது அழிவு. எண்ணை மாத்திரம் நோக்குவோன் மாசுற்ற ஓடையை நலமுடையதென மயங்குவான். கணிதம் எவ்வளவு விரைவென்பதைக் கூறும். ஏனென்பதை அறிய, நீரிலிறங்கி இலையைப் புரட்டி, அதில் வாழும் உயிர்களையும் எண்ணுதல் வேண்டும். இவ்வரலாறு நமக்குணர்த்தும் பாடம் இதுவே.