மாவு விளம்பரத்தில் ஒரு முகம்

"இலவசமாத்தானே தர்றாங்க மேடம். விளம்பரம் போட்டா போட்டுட்டுப் போகட்டுமே?" என்றாள் என் முதுகலை மாணவி. அவளுக்கு அபிகேல் ராபர்சனின் கதையைச் சொன்னேன்.

ராபர்சன் நியூயார்க் மாநிலத்து இளம்பெண். அவரைக் கேட்காமலே அவர் படத்தைப் போட்டு மாவு விளம்பரம் ஒன்று அச்சாகி, சுமார் 25,000 படிகள் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் தொங்கின. தெரிந்தவர்களின் கேலியால் நோயில் விழுந்ததாகச் சொல்லி அவர் வழக்குத் தொடுத்தார். 1902இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் கைவிரித்தது. அந்தரங்க உரிமை என்று ஒன்று சட்டத்தில் இல்லையாம். வேறு பெண்களாக இருந்தால் இதை அழகுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொள்வார்கள் என்ற கருத்தும் தீர்ப்பில் இருந்தது.

மக்களிடம் கண்டனம் எழுந்தது. எழுத்துபூர்வ ஒப்புதலின்றி ஒருவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாதென 1903இல் அங்கே சட்டம் வந்தது. தீர்ப்பை எழுதிய ஆல்டன் பார்க்கர் 1904இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். புகைப்படக்காரர்கள் தொல்லை செய்வதாக அவர் குறைப்பட்டபோது, அவருடைய தீர்ப்பையே நினைவூட்டிக் கடிதம் எழுதினார் ராபர்சன்.

நூறாண்டு கடந்து, 2011இல், ஒரு பொருளுக்கு நாம் இட்ட விருப்பக்குறியை நம் பெயரோடும் படத்தோடும் நண்பர்களுக்கு விளம்பரமாகக் காட்டத் தொடங்கியது ஃபேஸ்புக். பயனர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013இல் அது 2 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ராபர்சனிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. நம்மிடம் கேட்கிறார்கள், படித்து முடிக்க முடியாத நீளத்தில் கேட்கிறார்கள்.

ஆனாலும் கணக்கை மூடிவிடு என்று மாணவியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதழ்கள் என் கவிதைகளைத் திருப்பி அனுப்பிய காலத்தில், வீடு உறங்கிய பிறகு நான் எழுதிப் போட்டதை வாசிக்கப் பெண்கள் அங்கேதான் இருந்தார்கள். அந்த இடம் எனக்குத் தேவைப்பட்டது. தேவைப்படுகிறவளிடம் என்ன விலையும் கேட்கலாம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பாராட்டு என்று சொல்லி ராபர்சனின் வாயை அடைக்கப் பார்த்தார்கள். இலவசம் என்கிற சொல் இன்று அதே வேலையைச் செய்கிறது.

"விளம்பரத்துக்கான அமைப்பு இதுல எங்க மேடம் இருக்கு?" என்று கைபேசியை நீட்டினாள் அவள். எனக்கும் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் நானும் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. இருவருமாக உட்கார்ந்து தேடினோம்.