பிபி கூடினால் மூளைக்குத் தெரியாதா?

"எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே, அப்புறம் எதுக்கு மாத்திரை?"

உயர் ரத்த அழுத்தம் உள்ள தாத்தாவோ அத்தையோ இப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. சிங்கப்பூரில் 18 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் சுமார் 37 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதை 2021-2022 தேசிய மக்கள்தொகைச் சுகாதார ஆய்வு காட்டியது.

சரி, நமக்குத்தான் தெரியவில்லை. உடம்புக்குமா தெரியாது?

தெரியும். ஆனால் கொஞ்ச நாளில் அதுவும் பழகிவிடுகிறது.

காவல் எங்கே இருக்கிறது?

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் சுவரிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியின் வளைவிலும் சில நரம்பு முனைகள் உண்டு. அழுத்தம் கூடினால் சுவர் விரியும். விரிந்தால் அவை சமிக்ஞை அனுப்பும். அது முதலில் போய்ச் சேரும் இடம், மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கும் ஒரு நரம்பணுக் கூட்டம். ஆய்வாளர்கள் அதைச் சுருக்கமாக 'என்டிஎஸ்' என்பார்கள்.

செய்தி வந்ததும் இதயத்துடிப்பைக் குறைக்கவும் ரத்தக் குழாய்களைத் தளர்த்தவும் அங்கிருந்து ஏற்பாடு நடக்கும். அழுத்தம் இறங்கினால் நேர்மாறாக. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த நீங்கள் சட்டென்று எழுந்தும் மயங்கி விழாமல் நிற்பது இதனால்தான். எல்லாம் சில நொடி வேலை.

பழகுவது என்றால் என்ன?

நாயின் சிறுநீரகத்தைச் செலோஃபேன் தாளால் சுற்றினால் அதன் ரத்த அழுத்தம் ஏறி, இறங்காமல் நிற்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் இர்வின் பேஜ் 1939இல் காட்டினார். 1956இல் அவரும் சகாக்களும், சிறுநீரகக் கோளாறால் அழுத்தம் கூடிய நாய்களின் கழுத்து நரம்பில் சமிக்ஞைகளை அளந்தார்கள். அவ்வளவு அழுத்தத்துக்கு அந்த நரம்பு இடைவிடாமல் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. உயர்ந்த அளவையே வழக்கமான அளவாக எடுத்துக்கொண்டு அது வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

மாற்றம் அந்த முனைகளோடு நிற்பதில்லை. நரம்பணுவை அடக்கி வைப்பதில் பொட்டாசியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அணுவின் உறையில் உள்ள நுண்ணிய வாசல்கள் வழியே பொட்டாசியம் வெளியேறும்போது அணு கொஞ்சம் அமைதியாகும். சில வாசல்கள் சட்டென்று திறந்து மூடி, அணு சமிக்ஞை அனுப்புவதைச் சற்றே தாமதப்படுத்தும்.

சிறுநீரகத்தைச் சுற்றிக் கட்டி ரத்த அழுத்தம் ஏற்றப்பட்ட எலிகளின் என்டிஎஸ் அணுக்களைத் தனியே பிரித்து அளந்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. அந்தக் குறுகிய நேரப் பொட்டாசிய மின்னோட்டம் அவற்றில் குறைந்திருந்தது. கடிவாளம் தளர்ந்தால் அணு எளிதில் தூண்டப்படும். வேடிக்கை என்னவென்றால், 'காபா' என்ற அடக்கும் வேதிப்பொருளின் ஒரு வகை ஏற்பிக்கு என்டிஎஸ் கூடுதலாக அடங்குவதும் உயர் அழுத்தம் உள்ள எலிகளில் தெரியவந்திருந்தது. தளர்த்துவதும் இறுக்குவதும் ஒரே இடத்தில்!

எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கோளாறு தொடங்கியது சிறுநீரகத்தில். மூளையை யாரும் தொடவில்லை. அப்படியும் காவலாளியின் அணுக்களே மாறிப்போயின.

நமக்கு இதில் என்ன?

மூளைத்தண்டு பழகிக்கொண்டதால் சேதம் குறைந்துவிடாது. இதயம், சிறுநீரகம், கண், மூளையின் ரத்தக் குழாய்கள் எல்லாம் அடி வாங்கிக்கொண்டேதான் இருக்கும்.

மருந்து தொடங்கிய புதிதில் எழுந்து நிற்கும்போது சிலருக்குத் தலை சுற்றும். "மாத்திரை போட்டப்புறம்தான் சுத்துது" என்று தாங்களாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம்.

வீட்டில் பிபி மெஷின் இருந்தால் 5 நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளந்து பாருங்கள். மருந்தகத்தில் திரும்பத் திரும்ப 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் அது உயர் ரத்த அழுத்தம். அப்படியே உங்கள் கையையும் ஒரு தடவை நீட்டுங்கள்.