வீட்டில் ஒரு பாதி, திண்ணையில் ஒரு பாதி

பாடத்தை மாணாக்கன் வீட்டிலேயே முன்னதாகக் கேட்டோ வாசித்தோ அறிந்துவர, பள்ளியில் உபாத்தியாயரோடு இருக்கும் நேரத்தை ஐயம் தெளிவதற்கும் அப்பியாசத்துக்குமே செலவிடும் முறைக்கு இக்காலத்தார் தலைகீழ் வகுப்பறை என்று பேரிட்டிருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்னும் இரு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர இயலாத பிள்ளைகளுக்காகத் தம் பாடங்களைப் பதிவு செய்து கொடுத்ததிலிருந்து அதன் சரித்திரத்தைத் தொடங்குவது வழக்கம். அவர்கள் செய்த தொண்டு பெரிது. ஆயினும், கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் கல்விச் சரித்திரத்தை ஆராய்கிறவருக்கு, ஆசிரியரின் பொழுது கேள்விக்கும் பயிற்சிக்கும் உரியது என்னும் கொள்கை புதிதாகத் தோன்றாது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்ற பிரிவே இல்லை. மணலில் விரலால் அகரம் எழுதும் சிறுவனும், பனையோலையில் எழுத்தாணி பிடிக்கும் பையனும், எண்சுவடியை முடித்துவிட்டு நிகண்டுக்குப் போனவனும் ஒரே கூரையின்கீழ் தத்தம் வேகத்தில் நடந்தார்கள். புதிய பாடத்தைச் சொல்லிக்கொடுத்து உருப்போடச் செய்வதில் பெரும்பங்கு மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளையைச் சேர்ந்தது. விடியுமுன் எழுந்து வீட்டாரின் காதில் விழும்படி பாடத்தை ஒப்பித்துப் பார்ப்பதும் அதன் தொடர்ச்சி. இரவில் பிள்ளைகளை அனுப்பும்போது ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பேரோ பறவையின் பேரோ ஊரின் பேரோ சொல்லியனுப்பி, மறுநாள் காலையில் அதைக் கேட்கும் சம்பிரதாயமும் தமிழ்நாட்டுத் திண்ணைகளில் இருந்தது. உபாத்தியாயர் விளக்கி உரைப்பவராக அன்றி, ஒவ்வொருவனையும் தனித்தனியே அழைத்துக் கேட்பவராகவே அமர்ந்திருந்தார்.

அந்தக் கேள்வி எத்தகையது என்பதை நெல்லளவு வாய்பாடாகிய நெல்லிலக்கத்தில் காணலாம். எட்டு நாழி ஒரு குறுணி, இரு குறுணி ஒரு பதக்கு, இரு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் என்பதை உருப்போட்டு வந்த பையனிடம், ஏழு கலம் இரு தூணி நெல்லைப் பாதி வாரமாகப் பிரி என்றால், அவன் அதை இருபத்து மூன்று தூணியாக்கிப் பாதியாக்கி, மூன்று கலம் இரு தூணி ஒரு பதக்கு என்று மனக்கணக்காகவே சொல்ல வேண்டும். வாய்பாடு மனத்தில் ஊறாதவன் இதற்கு விடை சொல்ல முடியாது. வாய்பாட்டை மட்டும் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்தவனும் சொல்ல முடியாது. களத்துமேட்டில் நெல்லை அளக்கும் குடியானவனின் மகனுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. இம்முறையை மூட மனப்பாடம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதை நான் ஒப்புக்கொள்ளேன்.

திண்ணையின் இவ்வழி கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் 1789-இல் தொடங்கிய ஆண் அநாதை ஆசிரமத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், ஒருநாள் காலை குதிரைமேல் செல்கையில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதையே தம் பள்ளியிலும் தொடங்கி, ஜான் பிரிஸ்கின் என்னும் எட்டு வயதுச் சிறுவனை ஏனையோருக்குக் கற்பிக்க வைத்தார். 1797-இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக, பிள்ளைக்குப் பிள்ளை கற்பிக்கும் முறை சென்னை முறை என்ற பேரோடு இங்கிலாந்தில் பரவியது.

சென்னை ராஜதானியின் கவர்னர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் மாதத்தில் ஜில்லா தோறும் பள்ளிகளின் கணக்கைக் கேட்டார். ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்ததாகத் தெரியவந்தது. சென்னைப் பட்டணத்தில் மட்டும் வீட்டிலேயே கற்றோர் இருபத்தாறாயிரத்துக்கு மேல் என்று கணிக்கப்பட்டது. பள்ளிக்குச் சென்றவர்களைப் போல் அது ஏறக்குறைய ஐந்து மடங்கு. வீடு எத்துணைப் பெரிய வித்தியாசாலையாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டா.

1864-இல் ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். படிப்படியாக ஏறும் பாலபாடங்களை அச்சிட்டு அவர் பிள்ளைகளின் கையில் கொடுத்தபோது, அதுவரை நெஞ்சில் சுமந்த பாடம் புஸ்தகமாக வீட்டுக்கே வந்தது. ஆனால் அதே காலத்தில், 1854-ஆம் ஆண்டின் வுட் அறிக்கைக்குப் பின், சர்க்கார் உதவிப்பணமும் இன்ஸ்பெக்டர் பரீட்சையும் கால அட்டவணையும் கரும்பலகையும் வந்து, ஒத்த வயதுப் பிள்ளைகள் ஓர் அறையில் அமர்ந்து ஒரே விளக்கத்தைக் கேட்பதும், பயிற்சி மட்டும் வீட்டுப்பாடமாக வெளியேறுவதும் நிலைபெற்றன. தலைகீழாக்கம் என்று ஒன்று நிகழ்ந்ததானால் அது அப்போதுதான் நிகழ்ந்தது என்பேன்.

பழைய முறையைப் போற்றும்போது அதன் வாசலுக்கு வெளியே நின்றவர்களை மறக்கலாகாது. மன்றோவின் கணக்கில் பெண்பிள்ளைகள் 4,540 பேரே. தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட குலத்தாருக்கோ திண்ணையில் இடமே இல்லை. பாதிக் கல்வியை வீட்டிடம் ஒப்படைக்கும் எந்த முறையும், எழுத்தறியாத வீட்டின் பிள்ளையை இருமுறை வஞ்சிக்கிறது. இதைச் சிதம்பரத்தில் செயலில் எதிர்கொண்டவர் சுவாமி சகஜானந்தர். நந்தனாரின் பெயரால் 1916-இல் அவர் நிறுவிய கல்விக் கழகம் பள்ளியோடு விடுதியையும் சேர்த்து வளர்ந்தது. விளக்கும் உணவும் உடன் படிப்போரும் இருக்கும் ஓரிடத்தை, வீடு தர இயலாததை, பள்ளியே தந்தது. இந்த ஜில்லாவின் கல்விச் சரித்திரத்தில் இதனினும் உயர்ந்த செயலை நான் அறியேன்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கி, பாடங்களைத் தபாலில் அனுப்பி, ஐயம் கேட்கத் தொடர்பு வகுப்புகளை நடத்தியதும் இந்த வரிசையில் சேர்வதே. வேலைக்குப் போய்க்கொண்டே படித்த எத்தனையோ பேருக்கு அது பட்டத்தின் வழியைத் திறந்தது.

கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020-இல், முந்திய ஆண்டு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி வீடுதோறும் பாடத்தைக் கொண்டுசென்றது. ஆனால் கேட்ட பிள்ளைக்குப் புரிந்ததா என்று வினவ எதிரே ஒருவரும் இல்லை. 2021 அக்டோபர் 27-இல், முன்பு தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்த மரக்காணம் பகுதியின் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டபோது, மாலைதோறும் பிள்ளைகளின் வீட்டருகே அமர்ந்து கற்பித்த தன்னார்வலர்கள் நிரப்பியது அந்த ஒரு குறையைத்தான்: பிள்ளையின் விடையைக் காதுகொடுத்துக் கேட்க ஓர் ஆள்.