எபிசோட்: ஆப்கானிஸ்தானிலிருந்து வராத நீலம்

இன்னைக்கு ஒரே ஒரு புத்தகம், அதுல ஒரே ஒரு நிறம்.

புத்தகத்தோட பேரு லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷங்கள். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையை ஒட்டி லிண்டிஸ்ஃபார்ன்னு ஒரு சின்னத் தீவு. கடல் வத்தும்போது நடந்தே போகலாம், ஏறினா வழி மூடிடும். கி.பி. 700-ஐ ஒட்டி, அங்கிருந்த மடத்துல பைபிளின் நாலு சுவிசேஷங்களையும் லத்தீன்ல கையால எழுதி, பக்கம் பக்கமா வண்ணம் தீட்டியிருக்காங்க. எழுதினது, வரைஞ்சது ரெண்டுமே 698-ல அந்த மடத்துக்கு பிஷப்பான ஈட்ஃப்ரித்னு நம்பப்படுது.

அப்போ அங்கே பேப்பர் கிடையாது. கன்னுக்குட்டித் தோலைச் சுண்ணாம்புத் தண்ணில ஊறப்போட்டு, முடியைச் சுரண்டி, சட்டத்துல இழுத்துக் கட்டி, வளைஞ்ச கத்தியால தேய்ச்சுத் தேய்ச்சு மெல்லிசாக்கணும். இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் சுமார் 150 தோல் தேவைப்பட்டிருக்கும். சில பக்கங்கள்ல எழுத்தே இல்ல, கம்பளம் மாதிரி முழுக்க டிசைன்தான். பின்பக்கம் பார்த்தா, அளவெடுக்க காம்பஸ் குத்தின ஓட்டைகள் இன்னும் இருக்கு.

இப்போ நீலத்துக்கு வருவோம். இது லாபிஸ் லாசுலி, அதாவது ஆப்கானிஸ்தான் மலையில வெட்டின கல்லை அரைச்சு எடுத்த நிறம்னு ரொம்ப காலம் சொல்லிட்டிருந்தாங்க. ஒரு மூலைத் தீவுக்கு அவ்வளவு தூரத்துல இருந்து கல் வந்துச்சுன்னா, கேக்கவே பிரமிப்பா இருக்குல்ல?

ஆனா 2004-ல வெளியான ஆய்வு அந்தக் கதையை உடைச்சிடுச்சு. பக்கத்தைச் சுரண்டாம, லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வர்ற ஒளியை வெச்சே அது என்ன பொருள்னு கண்டுபிடிச்சாங்க. கிடைச்சது இன்டிகோ. நம்ம ஊர் அவுரியில இருக்கிற அதே சாயம். ஐரோப்பாவுல அதைக் கொடுத்தது வோட்னு ஒரு செடி, முட்டைக்கோஸ் குடும்பம். இலையை நசுக்கி, உருண்டை பிடிச்சுக் காயவெச்சு, நாத்தமடிக்கப் புளிக்க வைக்கணும். இந்தச் சோதனைக்கு அடிப்படை ராமன் விளைவு. ஆமா, திருச்சியில பிறந்த சர் சி.வி. ராமன் 1928-ல கண்டுபிடிச்சு, 1930-ல நோபல் வாங்கினாரே, அதேதான்.

அப்போ புத்தகத்தோட மதிப்பு குறைஞ்சுதா? எனக்கு அப்படித் தோணல. முன்னாடி நாம வியந்தது கல்லோட விலையையும் அது வந்த தூரத்தையும். இப்போ வியக்க வேண்டியது உழைப்பை.

சுமார் 250 வருஷம் கழிச்சு, ஆல்ட்ரெட்னு ஒரு பாதிரியார் லத்தீன் வரிகளுக்கு நடுவுல பழைய ஆங்கிலத்துல அர்த்தம் எழுதினார். சுவிசேஷங்களுக்கு இன்னிக்கு நம்ம கையில இருக்கிற பழமையான ஆங்கில மொழிபெயர்ப்பு அதுதான். கடைசியில, எழுதினவர், பைண்டிங் பண்ணவர், அட்டைக்கு நகை வேலை செஞ்சவர்னு எல்லார் பேரையும் குறிச்சு வெச்சார். ஈட்ஃப்ரித் பேரு நமக்குத் தெரியறதே அந்தக் குறிப்பாலதான்.

தோலைச் சுரண்டினவங்க, இலையைப் புளிக்க வெச்சவங்க பேரு மட்டும் அதுல இல்ல. நகை பதிச்ச அந்தப் பழைய அட்டை தொலைஞ்சு போச்சு. அவங்க செஞ்ச நீலம் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இன்னும் பளிச்சுன்னு இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.