ஜாமீனும் பரோலும்

2022 மார்ச் 9 அன்று, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனுக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியபோது அவர் சிறைக்குள் இல்லை. பரோலில் வெளியே இருந்தார். ஏற்கெனவே வெளியே இருப்பவருக்கு ஜாமீன் எதற்கு என்று அன்றைய செய்தியைப் படித்த பலருக்கும் தோன்றியிருக்கும். ஜாமீன் நடைமுறைக்காக அவர் புழல் சிறைக்குத் திரும்பிச் சென்று, அங்கிருந்து மீண்டும் வெளியே வந்தார். அதே மனிதர், அதே சிறை வாசல். ஆனால் முதல் முறை வந்ததற்கும் இரண்டாம் முறை வந்ததற்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய தூரம் உண்டு. செய்திகளில் இவ்விரு சொற்களும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக எளிதாகப் புழங்குவதால், அந்தத் தூரத்தை அளந்து பார்ப்பது பயனுள்ளது.

வழக்கமாகச் சொல்லப்படும் வேறுபாடு இது: தீர்ப்புக்கு முன் கிடைப்பது ஜாமீன், தண்டனைக்குப் பின் கிடைப்பது பரோல். பெரும்பாலான வழக்குகளுக்கு இது பொருந்தும். ஆனால் இந்தக் கோடு இரண்டு பக்கமும் உடைகிறது. தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்திருந்தால், அது முடியும்வரை அவரை ஜாமீனில் விடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 430ஆம் பிரிவும் அதற்குத்தான். மறுபுறம், விசாரணையையே சந்திக்காமல் தடுப்புக் காவலில் இருப்பவரைப் பரோலில் விடவும் வழியுண்டு. ஆகவே காலத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தால் கணக்கு தவறும்.

சரியான பிரிகோட்டை ஹரியானாவில் எழுந்த ஒரு வழக்கு காட்டிக்கொடுத்தது. தண்டனைக் கைதிகளுக்குத் தண்டனைக் குறைப்பு அறிவித்த அம்மாநில அரசு, அந்நாளில் பரோலில் வீட்டில் இருந்தவர்களுக்கும் அந்தச் சலுகை உண்டு என்றது. ஜாமீனில் வீட்டில் இருந்தவர்களுக்கு இல்லை என்றது. இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி தண்டனை பெற்றவர்கள். இருவரும் அன்று தத்தம் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இதில் பாகுபாடு ஏன் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. மொகிந்தர் சிங் வழக்கில் 2000ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு, பாகுபாடு சரியே என்றது. பரோலில் இருப்பவர் வெளியே நடமாடினாலும் சட்டப்படி தண்டனையை அனுபவித்துக்கொண்டிருப்பவர். ஜாமீனில் இருப்பவரின் தண்டனையோ நிறுத்திவைக்கப்பட்டது. ஓடாத தண்டனையில் எதைக் குறைப்பது? இரண்டையும் பிரிக்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. ஜாமீன் காவலை விலக்குகிறது. பரோல் காவலை நீட்டுகிறது, கைதியின் வீடு வரைக்கும்.

இவ்வளவு தெளிவாகப் பிரித்தபின் தமிழ்நாட்டின் விதிகளைத் திறந்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. நாம் பரோல் என்று அழைப்பதை இங்கே ஆள்வது 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். அதாவது, மேல்முறையீட்டு ஜாமீனுக்குச் சட்டம் பயன்படுத்தும் அதே சொற்றொடர் இங்கே பரோலின் பெயராகிவிட்டது. அந்த விதிகள் சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என இருவகையாகப் பிரித்துப் பேசுகின்றன. நீதிமன்றம் எட்டத் தள்ளி நிறுத்திய ஜாமீனும் பரோலும் விதிப் புத்தகத்தில் ஒரே பெயரின் கீழ் நிற்கின்றன. குழப்பம் படிப்பவர்களின் அறியாமையால் மட்டும் வந்ததல்ல என்று சொல்ல இது ஒன்றே போதும்.

ஜாமீனைக் கொடுப்பது பெரும்பாலும் நீதிபதி. ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில் காவல் நிலைய அதிகாரியே கொடுக்கலாம், அங்கே அது கேட்பவரின் உரிமையும்கூட. பரோலைக் கொடுப்பது அரசும் சிறைத்துறையும். அது உரிமையாக அன்றிச் சலுகையாகவே கருதப்படுகிறது. ஆனால் மறுக்கப்பட்ட பரோலைக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். மகளின் திருமணத்துக்காக, பேரறிவாளனின் அதே வழக்கில் தண்டனை பெற்ற நளினி 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாமே வாதாடி ஒரு மாதப் பரோல் பெற்றார். அங்கே உத்தரவிட்டது நீதிமன்றம் என்பதால் அது ஜாமீன் ஆகிவிடவில்லை. யார் கையெழுத்திட்டார் என்பதைவிட எதற்காக விட்டார்கள் என்பதே நம்பகமான அடையாளம்.

அந்த 'எதற்காக' என்ற இடத்தில்தான் இரண்டின் குணமும் துலங்குகிறது. ஜாமீன் மனு வந்தால் நீதிபதி கேட்பவை: இவர் ஓடிவிடுவாரா, சாட்சியை மிரட்டுவாரா, ஆதாரத்தைக் கலைப்பாரா? எல்லாக் கேள்விகளும் வழக்கைப் பார்த்தவை. தமிழ்நாட்டின் விடுப்பு விதிகளோ வேறு உலகத்தைக் காட்டுகின்றன. பிள்ளையைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்க்க, வீட்டைக் கட்ட அல்லது பழுது பார்க்க, மகன் மகள் திருமணத்தை நடத்த, பாகப்பிரிவினைத் தகராறைத் தீர்க்க, விதைப்பையும் அறுவடையையும் கவனிக்க என்று சாதாரண விடுப்புக்கான காரணங்கள் வரிசையாக உள்ளன. பெற்றோர், துணை, பிள்ளைகளின் மரணமும் கடும் நோயும் அவசர விடுப்புக்கு உரியவை. சிறைச் சட்டத்தின் வறண்ட பக்கங்களுக்கு நடுவே ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. நம் சட்டங்களில் நான் மிகவும் மதிக்கும் பகுதிகளில் இது ஒன்று. ஜாமீன் ஒருவரை மீண்டும் நீதிமன்றத்துக்கு வரவைக்கப் பார்க்கிறது. பரோல் அவரை என்றாவது ஊருக்குத் திரும்பத் தகுதியாக்கப் பார்க்கிறது.

இவ்வளவு விலகி நிற்பவற்றின் உறவு அடியில் இருக்கிறது. பரோல் என்பது பிரெஞ்சில் வாக்கு என்று பொருள்படும் சொல். தப்பிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த போர்க் கைதிகளை நடமாட விட்ட வழக்கத்திலிருந்து வந்தது. ஜாமீனிலும் வாக்குதான் ஈடு, ஆனால் அது இன்னொருவருடைய வாக்கு. இவரைக் கொண்டுவந்து நிறுத்துவது என் பொறுப்பு என்று ஜாமீன்தாரர் எழுதிக்கொடுக்கிறார். பரோலில் தன் சொல், ஜாமீனில் பிறர் சொல் என்று இதை அழகாக முடித்துவிடலாம். நடைமுறை அப்படி விடுவதில்லை. சொந்தப் பிணையிலேயே ஜாமீன் கிடைப்பதுண்டு. பரோலுக்குப் பல மாநிலங்கள் பிணையாளைக் கேட்கின்றன, காவல் நிலையத்திலும் நன்னடத்தை அலுவலரிடமும் அறிக்கை வாங்குகின்றன.

ஆகவே இரண்டும் கடைசியில் வந்து நிற்பது ஒரே படியில்: இவருக்காகக் கையெழுத்திட வெளியே யார் இருக்கிறார்கள்? ஏழைக்கு இரண்டும் ஒரே இடத்தில்தான் அடைபடுகின்றன. மோதிராம் என்ற கொத்தனாரை ஜாமீனில் விடச் சொன்னது உச்ச நீதிமன்றம். கீழே மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். பிணை நிற்க வந்த சகோதரரையும், அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி ஏற்கவில்லை. 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை 1,000 ரூபாய் சொந்தப் பிணையாக்கி விடுவித்தார். வாடகை வீட்டில் இருக்கும் குடும்பமும், கைதியை ஏற்கத் தயங்கும் ஊரும் பரோல் அறிக்கையில் இதே தடையாக வந்து நிற்கின்றன.

நாள்கணக்கு பற்றியும் ஒரு வார்த்தை. ஜாமீனில் கழிந்த நாள் தண்டனையில் சேராது. அதற்கு முன் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாள் சேரும். பரோல் நாள் பொதுவாகத் தண்டனையின் பகுதி என்று கொள்ளப்பட்டாலும், முன்விடுதலைக்கு உண்மையான சிறைவாசத்தைக் கணக்கிடும்போது அதைக் கழிக்க வேண்டும் என்று கோவா கைதிகளின் வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்களுக்குத் தெரிந்த யாராவது உள்ளே இருந்தால், எதைக் கேட்கப் போகிறோம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜாமீனுக்கு மனு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். விடுப்புக்கு மனு சிறைக் கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும். ஜாமீன் கிடைத்தும் பிணையாள் இல்லாமல் 7 நாளுக்குள் வெளிவராதவரைப் பற்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் சொல்வது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. காவலில் இருக்கும் எவருக்கும் வழக்கறிஞர் இலவசம். அதற்கான தொலைபேசி எண் 15100.