வகுப்பறைக் கேள்விக்கு ஒரு நல்கை
கல்வி ஆராய்ச்சிச் சிறுநிதி கடந்துவந்த பாதை

ஆசிரியர் கல்வி நிறுவனங்களின் விழா மலர்களில் கட்டட வளர்ச்சியும், முதல்வர்களின் வரிசையும், தேர்ச்சி விழுக்காடும் தவறாமல் இடம்பெறும். நூலகத்தின் கீழ்த்தட்டில் அடுக்கப்பட்டிருக்கும் ஆய்வறிக்கைகள் அந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறார்கள், ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்கு ஏன் தடுமாறுகிறது என்று நம் ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் கேட்டு, அலைந்து, எழுதிவைத்த பக்கங்கள் அவை. அவற்றில் பல, அரசும் தேசிய நிறுவனங்களும் கொடுத்த சிறு நல்கைகளால் பிறந்தவை. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மன்றத்தின் (என்சிஇஆர்டி) கல்வி ஆராய்ச்சி மற்றும் புத்தாக்கக் குழு 2024இல் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்தது. ‘எரிக்’ என்று நாம் சுருக்கமாக அழைக்கும் அந்தக் குழுவின் வரலாற்றையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் பதிவு செய்வது இந்த மலருக்குப் பொருத்தமான கடமை.

முதலியார் குழு போட்ட அடித்தளம்

இந்தியாவில் கல்வியியல் ஆராய்ச்சி பல்கலைக்கழகப் பட்டத்தோடுதான் தொடங்கியது. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1936இல் எம்.எட். படிப்பைத் தொடங்கியது, கல்வியியலில் நாட்டின் முதல் முனைவர் பட்டத்தை 1943இல் வழங்கியதும் அதே பல்கலைக்கழகம்தான். பட்டம் பெறுவதற்கென்று செய்யப்பட்ட ஆய்வுகள் பல்கலைக்கழக நூலகத்தோடு நின்றன. பள்ளி ஆசிரியர் தம் சொந்தக் கேள்வியை ஆராய்வதற்கு வழியும் இல்லை, பணமும் இல்லை.

வழி திறந்தது 1950களில். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, மறு ஆண்டே தன் அறிக்கையைத் தந்தது. அதன் தொடர்ச்சியாக 1955இல் அனைத்திந்திய இடைநிலைக் கல்வி மன்றம் உருவானது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியும் சேர, தேர்ந்தெடுத்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் விரிவாக்கப் பணித் துறைகள் ஏற்படுத்தப்பட்டன. பயிற்சி முடித்துப் போன ஆசிரியரைக் கல்லூரி மறந்துவிடாமல், அவர் பணிபுரியும் பள்ளிக்கே சென்று துணை நிற்பதுதான் அந்தத் துறைகளின் நோக்கம்.

அந்த விரிவாக்கப் பணியின் ஓர் அங்கமாகவே உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சோதனைத் திட்டங்கள் வந்தன. வகுப்பறைச் சிக்கல் ஒன்றை ஆசிரியர் எடுத்துக்கொள்வார்; தீர்வைச் சோதித்துப் பார்ப்பார்; அதற்கான செலவுக்கு ஒரு சிறு தொகை வரும். ஆசிரியர்கள் தம் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதி அனுப்பிப் பரிசு பெறும் தேசிய அளவிலான திட்டமும் பிறகு நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துபவரே ஆராயவும் தகுதியுடையவர் என்பதை அரசுத் திட்டமொன்று ஏற்றுக்கொண்டு பணமும் ஒதுக்கியது அப்போதுதான். பிறகு வந்த எல்லா நல்கைத் திட்டங்களுக்கும் இதுவே அடித்தளம்.

கோத்தாரி குழு கேட்ட ஒரு விழுக்காடு

1961 செப்டம்பர் 1 அன்று, தனித்தனியே இயங்கிய ஏழு தேசிய நிறுவனங்களை இணைத்து என்சிஇஆர்டி தொடங்கப்பட்டது. விரிவாக்கப் பணியும் அதன் குடைக்குள் வந்தது. 1963இல் அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு ஊர்களில் வட்டாரக் கல்லூரிகள் எழுந்தன. தமிழ்நாடு மைசூருடன் இணைக்கப்பட்டது. அன்றிலிருந்து நம் ஆசிரியர் கல்வியாளர்கள் ஆய்வு முறையியல் பயிலரங்கு என்றாலே மைசூருக்கு ரயிலேறுவது பழக்கமாயிற்று.

அடுத்து டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு 1964 முதல் 1966 வரை பணியாற்றியது. கல்வி ஆராய்ச்சிக்கு நாடு செலவிடும் தொகை மிகக் குறைவு என்பதைச் சுட்டிக்காட்டிய அந்தக் குழு, கல்விக்காக அரசு செலவிடும் தொகையில் 1 விழுக்காட்டை ஆராய்ச்சிக்கு எட்டச் செய்வதை இலக்காக வைத்தது. நூறு ரூபாய் செலவழித்துப் பாடம் நடத்தும்போது, அந்தப் பாடம் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு ரூபாய் வேண்டும் என்பதே அதன் பொருள். இதைவிட அடக்கமான கோரிக்கை இருக்க முடியாது. அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகும் அந்த ஒரு விழுக்காட்டை நாம் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது.

எரிக் பிறந்த ஆண்டு

1974ஆம் ஆண்டுக்கு இந்த வரலாற்றில் இரண்டு வகையில் சிறப்பு உண்டு. என்சிஇஆர்டி தன் நிலைக்குழுவாக எரிக்கை அமைத்தது அந்த ஆண்டில்தான். பல்கலைக்கழகப் பேராசிரியர்களும், கல்வியோடு தொடர்புடைய பிற துறை அறிஞர்களும், மாநில நிறுவனங்களின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற்றனர். பள்ளிக் கல்வி, ஆசிரியர் கல்வி ஆகியவை குறித்து மன்றத்துக்குள்ளிருந்தும் வெளி நிறுவனங்களிலிருந்தும் வரும் கருத்துருக்களைப் பரிசீலித்து நிதி வழங்குவது அதன் பணி. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான உதவித்தொகையும் பின்னர் மன்றத்தின் பணிகளில் சேர்ந்தது.

அதே ஆண்டில் பரோடாவில் எம்.பி. புச் தொகுத்த இந்தியக் கல்வி ஆராய்ச்சிகளின் முதல் மதிப்பாய்வு வெளிவந்தது. நாடு முழுதும் சிதறிக் கிடந்த ஆய்வுகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றின் நோக்கத்தையும் முறையையும் முடிவையும் சுருக்கி ஒரே நூலில் தந்த பெரும்பணி அது. 1979இல் இரண்டாம் தொகுப்பு வந்தது. மூன்றாவது முதல் என்சிஇஆர்டியே வெளியீட்டுப் பொறுப்பை ஏற்றது. எம்.எட். படித்த நம்மில் எவரும் ‘புச் சர்வே’யைப் புரட்டாமல் ஆய்வுத் தலைப்பு எடுத்ததில்லை. நிதி தரும் குழுவும், செய்து முடித்ததைத் திரட்டித் தரும் நூலும் ஒரே ஆண்டில் கிடைத்தது கல்வியியலுக்கு வாய்த்த நற்பேறு. ஒரு நல்கையின் பயன், அதன் அறிக்கை அடுத்தவர் கைக்குப் போகும்போதுதான் முழுமை பெறுகிறது.

மாவட்டத்துக்கு வந்த ஆராய்ச்சி

தமிழ்நாட்டில் 1965இல் மாநிலக் கல்வியியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. அது 1970இல் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமாக விரிந்தது. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் (டயட்) உருவாயின. மாயனூர், முனைஞ்சிப்பட்டி, தேரூர், குருக்கத்தி, வடலூர், உத்தமபாளையம் என்று நகரங்களை விட்டு விலகிய ஊர்களில் அவை அமைந்தன. அவற்றின் பணிப்பட்டியலில் ஆசிரியர் பயிற்சியோடு செயல் ஆராய்ச்சியும் இருந்தது. அதுவரை பல்கலைக்கழக வளாகத்தில் நடந்துவந்த ஆய்வு, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் திண்ணைவரை வந்து சேர்ந்தது டயட் நிறுவனங்களால்தான்.

அனைவருக்கும் கல்வி இயக்கம் 2001இல் வந்தபோது, பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய்வரை ஆய்வு, மதிப்பீடு, மேற்பார்வை, கண்காணிப்பு ஆகிய நான்குக்கும் சேர்த்து விதிமுறையில் இடம் தரப்பட்டது. தனிப் பள்ளிக்கு அது சொற்பம். மாவட்ட அளவில் திரண்டபோது, பல சிறு ஆய்வுகளுக்கு வழிவிட்டது.

சிறு தொகை செய்யும் வேலை

இவ்வளவு குறைந்த பணத்தில் என்ன ஆராய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். 2இலிருந்து 7 போகாது என்பதால், 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டுவிடுகிறார்கள். இது கவனக்குறைவால் வரும் பிழை என்று தோன்றும். விடைத்தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரே பிள்ளை எல்லாக் கணக்கிலும் ஒரே மாதிரி தவறுவது தெரியும். பிள்ளை ஒரு விதியைப் பின்பற்றுகிறது. அந்த விதிதான் தவறு. இடமதிப்பு மனத்தில் பதியாததே காரணம் என்று ஆசிரியர் கருதுகிறார். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளில் ஒன்றை அவிழ்த்து, இரண்டு குச்சிகளைப் பன்னிரண்டாக்கிக் காட்டினால் பிழை குறையும் என்று செயல் கருதுகோள் அமைக்கிறார். முன்தேர்வு வைக்கிறார், சில வாரம் அப்படிக் கற்பிக்கிறார், பின்தேர்வில் ஒப்பிடுகிறார்.

இதற்கு ஆகும் செலவு தேர்வுத்தாள் அச்சிடவும், குச்சி வாங்கவும், பக்கத்துப் பள்ளிக்குப் போய்வரவும், அறிக்கை தட்டச்சு செய்யவும் மட்டுமே. சில ஆயிரம் ரூபாயில் முடியும். ஆனால் அந்த ஆயிரங்கள் கிடைக்காவிட்டால் ஆசிரியர் தம் சம்பளத்திலிருந்து செலவழிக்க வேண்டும், அல்லது கேள்வியையே கைவிட வேண்டும். நல்கை அவருக்குப் பணத்தோடு வேறு இரண்டையும் தருகிறது. தலைமையாசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் காட்ட அலுவல்முறை ஆணை ஒன்று கையில் இருக்கிறது. இத்தனாம் தேதிக்குள் முடித்து எழுத வேண்டும் என்ற கெடுவும் இருக்கிறது. இவை இல்லாமல் எத்தனையோ நல்ல வகுப்பறைக் கண்டுபிடிப்புகள் ஆசிரியர் ஓய்வுபெறும் நாளோடு மறைந்துபோகின்றன.

கருத்துருவும் கணக்கும்

நிதிபெறும் வழிமுறையே ஒரு பயிற்சி. சிக்கல் என்ன, இதற்கு முன் யார் ஆராய்ந்தார்கள், எத்தனை பள்ளி, எந்தக் கருவி, எவ்வளவு காலம் என்று கருத்துரு எழுதும்போதே பாதி ஆய்வு தெளிவாகிவிடுகிறது. குழுவின் முன் அமர்ந்து விளக்கும்போது, “உங்கள் மாதிரி ஏன் இவ்வளவு?” என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். முதல் தவணை, முன்னேற்ற அறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, பயன்பாட்டுச் சான்று, இறுதி அறிக்கை என்று அடுத்தடுத்து வருபவை பொதுப்பணத்தின்பால் நாம் காட்டும் மரியாதை. எனினும் சிறு தொகைக்கும் பெருந்தொகைக்கும் ஒரே அளவு காகிதம் கேட்பது நியாயமில்லை. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் தவணை வந்து, அதே மாதத்துக்குள் செலவழிக்கச் சொன்னால் ஆய்வு அவசரமாகிறது. பள்ளி திறக்கும் ஜூனில் பணம் கையில் இருந்தால், ஆய்வு கல்வியாண்டோடு சேர்ந்து நடக்கும்.

இனி நாம் செய்ய வேண்டியவை

முப்பது பிள்ளைகளிடம் செய்த ஆய்வின் முடிவை மாநிலத்துக்கே பொதுவாக்க முடியாது என்பது உண்மை. இதற்குத் தீர்வு நம்மிடமே உள்ளது. ஒரே கேள்வியை, ஒரே தேர்வுத்தாளை வைத்து, ஐந்தாறு மாவட்ட நிறுவனங்கள் ஒரே ஆண்டில் ஆராயட்டும். தேரூரிலும் வடலூரிலும் ஒரே முடிவு வந்தால், பாடநூல் எழுதுவோர் அதைப் புறந்தள்ள முடியாது. வேறு முடிவு வந்தால், ஏன் என்ற அடுத்த கேள்வி பிறக்கும்.

தமிழில் எழுதப்பட்ட செயல் ஆராய்ச்சி அறிக்கைகளைத் திரட்டி, தலைப்பு வாரியாகச் சுருக்கி, எல்லா ஆசிரியருக்கும் கிடைக்கும்படி வெளியிட வேண்டும். பரோடாவில் புச் தொடங்கிவைத்த பணியைத் தமிழில் செய்ய நாம் கடமைப்பட்டிருக்கிறோம். தொடக்கப் பள்ளி ஆசிரியரே முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்கும் நல்கைகளும், விரிவுரையாளர் அவருக்கு வழிகாட்டியாக நிற்கும் ஏற்பாடும் பெருக வேண்டும். இந்த மலரை வாசிக்கும் ஒவ்வோர் ஆசிரியர் கல்வி நிறுவனமும் தன் விழா ஆண்டின் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, தன் வட்டாரத்து ஆசிரியர்களின் ஆய்வுகளுக்குச் சிறு நல்கை வழங்கத் தொடங்கலாம். தொகை சிறிதாக இருக்கட்டும், ஆண்டுதோறும் தவறாமல் வரட்டும், முடிவுகள் அச்சேறட்டும். முதலியார் குழு காட்டிய வழியில் பள்ளி ஆசிரியரைத் தேடிப்போன பயிற்சிக் கல்லூரிகளின் வழிவந்தவர்கள் நாம். அந்தப் பணியைத் தொடர்வதே இந்த விழாவுக்கு நாம் செய்யும் சிறப்பு.