வானூர்திகளின் வாழ்வும் முடிவும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் பு.முட்லூரை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலோடு கலக்கும் அவ்வூரை நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்று அழைத்தனர். அங்கிருந்து மரக்கலமேறி அச்சேக்கும் மலாக்காவுக்கும் வாணிபம் செய்யச் சென்ற மரைக்காயர்களின் வரலாறு நம் வாசகர்களுக்குப் புதிதன்று. சென்றவர் யாவரும் திரும்பினாரல்லர் என்பதும் புதிதன்று. புயலில் அகப்பட்ட கப்பல் எவ்விடத்தில் மூழ்கிற்று, அதில் சென்றவர் எங்கே அடங்கினார் என்று அறியாமலேயே எத்தனையோ குடும்பங்கள் ஃபாத்திஹா ஓதி மனத்தைத் தேற்றிக்கொண்டன. கப்ரு இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாத துயரம், கடற்கரை ஊர்களுக்கே உரிய துயரம்.

அதே கடலில், 2015ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் இரவு, மூவருடன் ஒரு வானூர்தி மறைந்தது. இந்தியக் கடலோரக் காவற்படைக்குச் சொந்தமான, சிஜி-791 என்ற எண் தாங்கிய டோர்னியர் அது. மாலையில் சென்னையிலிருந்து புறப்பட்டு, தமிழகக் கரையையும் பாக் நீரிணைப் பகுதியையும் கண்காணித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் தொடர்பு அறுந்தது. படைக்கு வந்து ஓராண்டே ஆன புதிய விமானம்; அது எவ்வாறு மறைந்தது என்று எவராலும் உடனே சொல்ல முடியவில்லை.

கரைக்கு அண்மையில்தானே விழுந்திருக்கும், கண்டெடுப்பது எளிதாயிற்றே என்று நாம் எண்ணுவோம். ஆனால் கடலூர், புதுச்சேரிக் கரைகளை ஒட்டிய கடலடித் திட்டு மிகக் குறுகியது. சிறிது தூரம் சென்றதுமே தரை சரிந்து, கடலடிப் பள்ளத்தாக்குகளாக ஆழ்ந்துவிடுகிறது. விமானங்களில் ஒலிக்கருவி ஒன்று உண்டு. நீரில் அமிழ்ந்ததும் வினாடிக்கு ஒரு முறை, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை அது எழுப்பும். அக்காலத்தில் அதன் மின்கலம் ஏறத்தாழ முப்பது நாள்களே தாங்கிற்று. நாள்கள் கரைந்துகொண்டிருந்தன. ஜூலைத் தொடக்கத்தில், கடற்படையின் ‘சிந்துத்வஜ்’ என்னும் நீர்மூழ்கி அவ்வொலியைக் கேட்டது. ஜூலை 10ஆம் நாள், ‘ஒலிம்பிக் கேன்யன்’ என்னும் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட இயந்திரம், பிச்சாவரத்துக்கு நேர்கிழக்கான கடற்பகுதியில் ஏறத்தாழ 950 மீட்டர் ஆழத்திலிருந்து விமானத்தின் பதிவுக்கருவியை மேலே கொணர்ந்தது. சிதைவுகளும் எலும்புகளும் பிறகு கிடைத்தன. மூன்று வீடுகளில் ‘ஒருவேளை’ என்ற சொல்லுக்கு இடமில்லாமற் போயிற்று. ஆறுதல் என்று இதைச் சொல்ல நாவு கூசுகிறது. எனினும் இதற்கு வேறு சொல்லும் நமக்குக் கிட்டவில்லை.

அந்த விமானத்தைத் தேடுவதற்கு அரசு இருந்தது, கப்பல்கள் இருந்தன. அரை நூற்றாண்டுக்கும் முக்கால் நூற்றாண்டுக்கும் முன் பறந்த விமானங்களை யார் தேடுவார்? அதற்கென்றே ஒரு கூட்டத்தார் உலகெங்கும் உள்ளனர். நம் நாட்டிலும் உள்ளனர். ஓய்வுபெற்ற விமானப்படையினரும் அலுவலக எழுத்தர்களும் மாணவர்களும் அவர்களில் அடங்குவர். விமானத்தின் உடலில் வண்ணத்தால் எழுதப்படும் எண் ஒன்று. ஆலையில் பொறிக்கப்படும் எண் மற்றொன்று. உடைமையாளர் மாறினால் முன்னது மாறும், பின்னது மாறாது. அதைப் பிடித்துக்கொண்டு, இலண்டனை அடுத்த கியூ ஆவணக் காப்பகத்தில் உள்ள படைப்பிரிவு நாட்குறிப்புகளையும், ஒவ்வொரு விமானமும் எந்தத் தளத்திலிருந்து எந்தத் தளத்துக்குச் சென்றது என்று குறித்த அட்டைகளையும் இவர்கள் புரட்டுகின்றனர். வேலையற்றவர் வேலை என்று நாமும் ஒருகாலத்தில் நினைத்ததுண்டு.

இவர்களுடைய ஏடுகளில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவில் பதினெண்ணாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட லிபரேட்டர் என்னும் குண்டுவீச்சு விமானங்கள், போர் முடிந்ததும் பெரும்பாலும் பழைய இரும்பாக உருக்கப்பட்டன. பிரிட்டிஷார் நம் நாட்டை விட்டுச் செல்கையில், தம்மிடமிருந்தவற்றைக் கான்பூரில் குவித்து, மீண்டும் பறக்கலாகாது என்று உடைத்துப் போட்டனர். பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் அக்குப்பையைக் கிளறினர். ஒன்றன் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்ததும், சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். ஏறத்தாழ நாற்பது விமானங்கள் இவ்வாறு உயிர்பெற்று, 1968 இறுதிவரை இந்திய விமானப்படையில் பணியாற்றின. இன்று உலகின் அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல இந்தியாவிலிருந்து சென்றவையே. 1944இல் டெக்சாஸில் பிறந்து, இந்தியாவில் பணி முடித்து, பதின்மூன்று ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த ஒன்றை 1981இல் ஆங்கிலேயர் ஒருவர் எடுத்துச் சென்றார். அது அமெரிக்காவுக்கு விற்கப்பட்டு, 1989இல் மீண்டும் வானில் எழுந்தது. கான்பூரைப் பற்றி இன்னொரு செய்தி: லிபரேட்டர்களுக்குச் சுடுகாடாக வகுக்கப்பட்ட அதே நகரில்தான் பின்னாளில் டோர்னியர்கள் கட்டப்பட்டன. நம் கடலில் வீழ்ந்த விமானம் பிறந்த ஊரும் அதுவே.

இவற்றினும் விந்தையானது ஹைதராபாத் நிஜாமின் விமானக் கதை. முதல் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் விமானப்படையின் 110ஆம் பிரிவுக்கு டிஎச்-9ஏ வகை விமானங்களை நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான் தம் செலவில் வழங்கினார். ஒவ்வொன்றிலும் அவருடைய அன்பளிப்பு என்ற வாசகம் எழுதப்பட்டிருந்தது. 1918 செப்டம்பரில் பிரான்சுக்குச் சென்ற அப்பிரிவு பெரும் இழப்புக்குள்ளாயிற்று. எஃப்-1010 என்ற எண்ணுடைய விமானம் அக்டோபர் 5ஆம் நாள் ஜெர்மனியர் பகுதியில் இறங்க நேர்ந்து, அதிலிருந்த இருவரும் சிறைப்பட்டனர். இன்னும் ஐந்து வாரம் சென்றிருந்தால் போரே நின்றிருக்கும்!

ஜெர்மனியர் அதை எரிக்கவில்லை. வெற்றிச் சின்னமாக வைத்துக்கொண்டு, பிற்பாடு பெர்லின் விமானக் காட்சிச்சாலையில் நிறுத்தினர். இரண்டாம் உலகப் போரில் பெர்லின்மீது குண்டுகள் விழத் தொடங்கவும், காட்சிச்சாலைப் பொருள்கள் கிழக்கே அனுப்பப்பட்டன. போர் ஓய்ந்தபோது நிஜாமின் விமானம் போலந்தில் இருந்தது. அங்கே கிராக்கோ நகரில், இறக்கைகளை இழந்து முடங்கிக் கிடந்த அந்த உடலை எண்ணாலும் எழுத்தாலும் அடையாளம் கண்டவர்கள் நாம் மேலே சொன்ன வகையினரே. 1977இல் ஆங்கிலேயர் தம்மிடமிருந்த ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்றைப் போலந்துக்குக் கொடுத்து இதைப் பெற்றனர். பழுது நீக்கப்பெற்று இலண்டன் ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பட்டது. தக்காணத்து மன்னரின் பொருளில் உருவாகி மூன்று நாடுகளின் கைமாறிய அதன் கதையை, ஹைதராபாத்தில் இன்று எத்தனை பேர் அறிவார்களோ!

நம் மாகாணத்தின் பெயரும் வானில் ஏறியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் பிரிவு ‘சென்னை மாகாணம்’ என்று அழைக்கப்பட்டது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடும் அன்று அம்மாகாணத்தின் ஒரு ஜில்லா. அப்பிரிவு ஓட்டிய டிஃபையண்ட் விமானத்தில், விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில்தான் துப்பாக்கிகள் இருந்தன. முன்னோக்கிச் சுட வழியில்லை. எதிரி இதைக் கண்டுகொண்ட பிறகு, 1940 ஆகஸ்டில் அப்பிரிவு கடும் உயிரிழப்புக்கு உள்ளாகி, பகற்போரிலிருந்து விலக்கப்பட்டது. இன்று உலகில் முழுமையாக எஞ்சியுள்ள டிஃபையண்ட் ஒன்றே ஒன்று. அதுவும் போலந்து விமானிகளின் பிரிவில் பணியாற்றியது. நம் மாகாணத்தின் பெயர் தாங்கிய பிரிவுக்கு ஏடுகள் மட்டுமே மிச்சம்.

ஏடாவது மிஞ்சிற்றே என்று சொல்லத் தோன்றுகிறது. பரங்கிப்பேட்டை மரக்கலங்களைப் பற்றி நாம் அறிய விரும்பினால், டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் எழுதிவைத்த துறைமுகக் குறிப்புகளைத்தான் நாட வேண்டியுள்ளது. பேராசிரியர் அரசரத்தினமும் ஜெ. ராஜா முகமதுவும் அவ்வாறு முயன்றே சோழமண்டலக் கரை வணிகர்களின் வரலாற்றை மீட்டனர். கப்பலின் பெயரும் நகுதாவின் பெயரும் சரக்கின் விவரமும் எழுதிய நம்மவர் கணக்கேடுகள் கறையானுக்கு இரையாயின. சில, புது வீடு கட்டும்போது பழங்காகிதமாக நிறுத்துப் போடப்பட்டன. வேற்றாருடைய ஏட்டில் வந்து சேர்ந்த கப்பல் இருக்கும். வழியில் மறைந்த கப்பல் பெரும்பாலும் இராது.

பதிவு என்பதன் பயனைப் பின்னும் ஒரு நிகழ்ச்சியில் கண்டோம். 2016 ஜூலை 22ஆம் நாள் காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்குப் புறப்பட்ட, கே-2743 என்ற எண்ணுடைய விமானப்படையின் ஏஎன்-32, இருபத்தொன்பது பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. மாதக்கணக்கில் தேடியும் துரும்பும் கிட்டவில்லை. ஏழரை ஆண்டுகள் கழிந்தன. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் கடலடியில் செலுத்திய ஆளில்லாக் கலம், சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் பிடித்தது. 2024 ஜனவரி 12ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சகம் அதை அறிவித்தபோது, படங்கள் ஏஎன்-32 விமானத்தோடு பொருந்துவதாகக் கூறி, இன்னொரு சான்றையும் சேர்த்தது: அப்பகுதியில் வேறெந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை.